பெருமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய ஆங்கிலக் கட்டுரையை நிதானமாக வாசித்தேன். வெள்ளம் மூடிய வயல்களையும், உடைந்த அணைக்கட்டையும், வீடிழந்த ஜனங்களின் துக்கத்தையும் 'கொலாசல்' என்றும் 'எனார்மஸ்' என்றும் 'ஜைகான்டிக்' என்றும் நீ மாறி மாறி வர்ணித்திருப்பதைப் பார்த்தபோது, பீட்டர் மார்க் ரோஜே என்ற வைத்தியர் 1852இல் வெளியிட்ட 'தெஸாரஸ்' உன் மேஜைமேல் விரிந்து கிடந்திருக்க வேண்டும் என்று ஊகித்தேன். சொற்களை அவர் இனம் பிரித்து அடுக்கியது, பழகிய சொல் சமயத்தில் மறந்துபோனவனுக்கு அது நினைவுக்கு வருவதற்காகத்தான். பழகாத சொல்லை அதிலிருந்து எடுத்து ஆள்வது ஆபத்து.

'எனார்மஸ்' என்பதன் உள்ளே, தச்சனுடைய மூலைமட்டத்துக்கு லத்தீன் பாஷையில் வழங்கிய 'நார்மா' என்ற பெயர் இருக்கிறது. மட்டத்துக்கு அடங்காமல் மீறியது என்பதே அதன் மூலார்த்தமாதலால், அதே குடும்பத்துப் பெயர்ச்சொல்லாகிய 'எனார்மிட்டி'யைக் கவனமுள்ள ஆசிரியர்கள் கொடுஞ்செயலின் கொடுமைக்கே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு தலைவருடைய வெற்றியின் 'எனார்மிட்டி'யை நீ புகழ்ந்து எழுதினால், அவர்கள் அதை நிந்தையாகவே வாசிப்பார்கள். 'இம்மென்ஸ்' என்பதில் அந்தத் தோஷம் கிடையாது. அளக்கப்படாதது என்பதோடு அது நின்றுவிடுகிறது. 'வாஸ்ட்' என்பதற்கோ லத்தீனில் வெறுமை, பாழ் என்ற அர்த்தங்கள் உண்டு. ஆகவே கடலும் பாலைவனமும் ஆகாயமும்போல, கண் தங்குவதற்கு இடமற்று விரிந்து கிடப்பவற்றைச் சொல்லும்போதுதான் அது தன் முழு பலத்துடன் ஒலிக்கிறது.

'கொலாசல்' கிரேக்கச் சொல்வழி வந்தது. ரோட்ஸ் தீவினர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சூரிய தேவனுக்கு ஏறக்குறைய 70 முழ உயரத்தில் எழுப்பிய வெண்கலச் சிலை, சில பத்தாண்டுகளுக்குள்ளேயே பூகம்பத்தில் சரிந்து வீழ்ந்தும், அச்சொல்லில் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. 'ஜைகான்டிக்', 'டைட்டானிக்' இரண்டும் கிரேக்க புராணத்து ராக்ஷஸ வம்சங்களின் பெயர்கள். அவற்றை நீ அடிக்கடி அழைக்க வேண்டியதில்லை.

உண்மையான சூக்ஷ்மம் 'பிக்', 'லார்ஜ்', 'கிரேட்' என்ற சின்னஞ்சிறு சொற்களில்தான் இருக்கிறது. அவற்றை நீ அலக்ஷ்யம் செய்துவிட்டாயே என்பதுதான் என் மனக்குறை. மனிதன் ஒருவனை 'லார்ஜ்' என்றால் அவனுடைய சரீரம் மட்டுமே தெரியும். 'பிக்' என்றால் சரீரமாகவும் இருக்கலாம், ஊரில் அவனுக்குள்ள செல்வாக்காகவும் இருக்கலாம். 'கிரேட்' என்றாலோ, அவன் எவ்வளவு குள்ளனாயினும், அவனுடைய குணமும் சாதனையுமே நம்முன் எழுகின்றன. சந்தோஷம், துக்கம், தைரியம் முதலிய அரூபமானவற்றோடு 'கிரேட்' இயல்பாகச் சேரும்; 'லார்ஜ்' துக்கம் என்று எந்த ஆங்கிலேயனும் சொல்ல மாட்டான்.

ஆகையால், அணைக்கட்டுக்கு நீ இட்ட 'கொலாசல்' அப்படியே இருக்கட்டும். வயல்களை மூடிய நீர்ப்பரப்புக்கு 'வாஸ்ட்' என்று போடு. அந்த ஜனங்களின் துக்கத்துக்கு 'கிரேட்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் எதையும் சேர்க்காதே. திருத்திய பிரதியைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் எனக்கு ஒருமுறை அனுப்பி வை.

இப்படிக்கு,
உன் மாமா