காணாமற்போன லேயர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆடிப்பெருக்கன்று புத்தாண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்கள் வெளியாகி ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டால், அன்று முதல் தீபாவளி கழியும் வரையில், சிவகாசி அச்சகங்களை ஒட்டிய டிசைன் அறைகளில் விளக்கு அணைவது அபூர்வம். லேபிள், கிஃப்ட் பாக்ஸ் அட்டை, காலண்டர் என்ற பழைய காரியங்களோடு, பட்டாசு வியாபாரிகள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கென்று கேட்கும் பதினைந்து வினாடிச் சலனப்படங்களும் இப்போது சேர்ந்துகொண்டுவிட்டன. நள்ளிரவுக்கு மேல் இந்த அறைகளில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "அண்ணாச்சி, லேயரக் காணோம், டெலிட் ஆயிருச்சு போல."

இந்த வாக்கியம் பெரும்பாலும் உண்மையல்ல என்பதையும், அதை உண்மையென்று நம்பிப் பிள்ளைகள் அவசரப்பட்டுச் செய்யும் பரிகாரமே பல சமயங்களில் வேலையைக் கெடுக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

லேயர் என்ற சொல் இங்கே கம்ப்யூட்டரோடு வந்ததுதான், விஷயம் அப்படியல்ல. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பின், அந்தத் தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்ற தேவையிலிருந்தே இவ்வூரின் அச்சுத் தொழில் கிளைத்தது. லித்தோ முறையில் வண்ணத்துக்கு ஒரு கல்லாக வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பதித்தால்தான் ஒரு படம் முழுமை பெறும். சலனப்படத்திலும் அப்படியே: அமெரிக்காவில் எர்ல் ஹர்ட் என்பவர், அசையும் உருவத்தை மட்டும் கண்ணாடி போன்ற செல்லுலாய்டுத் தகட்டில் வரைந்து, அசையாத பின்னணியின்மேல் வைத்துப் படமெடுக்கும் முறைக்கு 1915-இல் காப்புரிமை பெற்றார். 1993-இல் வெளிவந்த, சலனப்படங்களை உருவாக்கும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸும், மறு ஆண்டில் லேயர்களைச் சேர்த்துக்கொண்ட போட்டோஷாப்பும் அந்தத் தகடுகளைத்தான் திரைக்குள் கொண்டுவந்தன. தகடு மேசையில் இருந்தவரையில் கையால் புரட்டித் தேடலாம். திரைக்குள் போனபின் எங்கே தேடுவது என்று கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

"டைம்லைனில் இல்லையென்றால் லேயர் அழிந்துவிட்டது" என்பதுதான் இருப்பதற்குள் மிகவும் கேடு விளைவிக்கும் நம்பிக்கை. நான் இருந்த ஓர் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். வெளியூர் வியாபாரி ஒருவர் கிஃப்ட் பாக்ஸின் விலையைக் கடைசி நேரத்தில் மாற்றினார். பழைய விலை படத்தில் தெளிவாகத் தெரிகிறது. லேயர்களின் பட்டியலான டைம்லைனில் அந்த லேயர் இல்லை. வேலையிலிருந்த தம்பி, அது ஏதோ கோளாறினால் பட்டியலிலிருந்து அழிந்துவிட்டதென்று கருதி, அதன்மேல் சிவப்புப் பட்டை ஒன்றை வைத்துப் புதிய விலையை எழுதி ரெண்டர் போட்டு அனுப்பிவிட்டார். பதினோராம் வினாடியில் பட்டை மங்கி மறையும் இடத்தில் பழைய விலை அரை வினாடி எட்டிப் பார்த்தது. வியாபாரிக்கு அந்த அரை வினாடி போதும். மறுநாள் காலையில் வாடிக்கையாளர்கள் பழைய விலைக்கே பெட்டி கேட்டுப் போன் செய்திருக்கிறார்கள்.

அந்த லேயர் எங்கும் போயிருக்கவில்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒவ்வொரு லேயரின் பக்கத்திலும், சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்ப்பது போன்ற சிறு குறி இருக்கிறது. 'ஷை', அதாவது கூச்சம், என்று அதற்குப் பெயர். அதை அழுத்தி, டைம்லைனின் மேற்புறத்தில் அதே உருவத்தோடு இருக்கும் பொத்தானையும் அழுத்திவிட்டால், லேயர் பட்டியலிலிருந்து மறையுமே தவிர, படத்திலிருந்து மறையாது; ரெண்டரிலும் வந்தே தீரும். நூறு லேயர்களுக்கு மேல் போகும் வேலையில் இடத்தைச் சுருக்கிக்கொள்வதற்காக ஏற்பட்ட சௌகரியம் இது. கண் குறியோ இதற்கு நேர் எதிர்: அதை அணைத்தால் படத்தில் மறையும், பட்டியலில் நிற்கும். இவ்விரண்டின் வித்தியாசத்தை மனத்தில் இருத்திக்கொண்டவருக்குப் பாதி பயம் போய்விடும்.

அழிந்ததா, ஒளிந்ததா என்று அறிய நிச்சயமான அடையாளம் ஒன்று பட்டியலிலேயே இருக்கிறது. லேயர்களின் இடப்புறத்து எண்களை மேலிருந்து வாசித்துப் பாருங்கள். ஆறு, ஏழு என்று வந்து அடுத்தது பதினொன்று என்றிருந்தால், நடுவிலுள்ள மூன்றும் உயிரோடிருந்து ஒளிந்திருக்கின்றன என்று அர்த்தம். உண்மையாகவே அழிக்கப்பட்டிருந்தால் எண்கள் இடைவெளியின்றி நெருங்கி உட்கார்ந்திருக்கும். எண்களில் இடைவெளி இருந்தும் ஷை பொத்தான் அணைந்திருந்தால், டைம்லைனின் மேலுள்ள தேடற்பெட்டியைப் பார்க்க வேண்டும். சற்று முன்பு எதையோ தேடித் தட்டிய இரண்டெழுத்து அங்கே கிடந்தால், அந்த எழுத்துகளுக்குப் பொருந்தாத லேயர்கள் அத்தனையையும் அது மறைத்துவிடும். அதைத் துடைத்தால் எல்லாம் திரும்பி வரும். ஓர் இரவு முழுவதும் ஓர் அறையே தேடியது, இப்படிப் பெட்டியில் மறந்துபோன இரண்டெழுத்தின் காரணமாக என்பதை நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன்.

"பட்டியலில் இருந்தும் படத்தில் தெரியவில்லையென்றால் லேயர் கெட்டுப்போய்விட்டது" என்பது அடுத்த நம்பிக்கை. இதற்கு எங்கள் தொழிலிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. புஸ்வாணமும் கம்பி மத்தாப்பும் வாணவேடிக்கையும் வழக்கமாக இருட்டின் பின்னணியில்தான் படமெடுக்கப்படுகின்றன. அந்தக் காட்சியை வேறொரு படத்தின்மேல் வைக்கும்போது, கறுப்பு நீங்கிப் பொறி மட்டும் நிற்கவேண்டுமென்பதற்காக 'ஸ்கிரீன்' என்ற கலப்பு முறையில் வைக்கிறோம். ஸ்கிரீன் முறையின் இயல்பு, அடியிலுள்ளதை வெளிச்சமாக்குவது. அடியில் ஏற்கெனவே சுத்த வெள்ளை இருக்குமானால், அதற்குமேல் வெளிச்சமாக்க இடமில்லை. ஆகவே நேற்று வரை நீல இரவின்மேல் பூவாய்ச் சொரிந்த புஸ்வாணம், வியாபாரி பின்னணியை வெள்ளையாக்கச் சொன்ன கணத்திலேயே முழுவதும் மறைந்துவிடுகிறது. லேயர் பழுதில்லை, கண் குறி திறந்தே இருக்கிறது, ஒளிபுகா அளவு நூறு விழுக்காடு. ஆயினும் ஒன்றும் தெரியாது. பின்னணியைச் சற்றே கருமையாக்கினால் பொறி திரும்ப வரும். வெள்ளைப் பின்னணியே வேண்டுமென்று அவர் பிடிவாதமாயிருந்தால், கறுப்பை முறையாக வெட்டியெடுத்துவிட்டுச் சாதாரண முறையில் வைக்க வேண்டும், வேறு வழியில்லை.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். காலக்கோடு நிற்கும் வினாடிக்குப் பிறகே லேயர் தொடங்கலாம். லேயரைத் தேர்ந்து ஐ விசையை அழுத்தினால் அதன் தொடக்கத்துக்கே போய் நிற்கலாம். மேலுள்ள பெரிய லேயர் ஒன்று மூடியிருக்கலாம். எவரோ ஒன்றை மட்டும் பார்ப்பதற்காக 'சோலோ' பொத்தானை அழுத்திவிட்டு மறந்திருக்கலாம். டி விசையை அழுத்தி ஒளிபுகா அளவையும், எஸ் விசையை அழுத்தி உருவின் அளவையும் பார்த்தால், இரண்டிலொன்று பூஜ்யத்தில் நிற்பது தெரியவரலாம்.

"பிரீ-காம்ப் போட்டால் லேயர்கள் ஒன்றாகிவிடும், பிறகு பிரிக்க முடியாது" என்பாரும் உண்டு. பல லேயர்களை ஒரே லேயராகப் பொதிந்து வைப்பதற்கே பிரீ-காம்ப் என்று பெயர். எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்க ஒரு கிஃப்ட் பாக்ஸ் போதும். வெளியே ஒரே பெட்டிதான் தெரிகிறது. திறந்தால் சங்குச் சக்கரம், சாட்டை, லட்சுமி வெடி எல்லாம் தத்தம் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. பிரீ-காம்ப் லேயரை இரட்டைக் கிளிக் செய்தால் உள்ளே போகலாம்.

கோரல் டிராவில் வேலை செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு தனி எச்சரிக்கை அவசியம். அதிலே லேயரின் கண் குறி வேறு, அச்சுப்பொறிக் குறி வேறு. கண்ணுக்கு மறைத்த லேயர் அச்சில் வரலாம். கண்ணுக்குத் தெரியும் லேயர் அச்சில் வராமலும் போகலாம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் பசுமைப் பட்டாசு வந்து, பெட்டியின்மேல் முத்திரையும் கியூ.ஆர். குறியும் இடம்பெறலான இந்நாளில், அந்த ஒரு லேயர் அச்சில் விடுபட்டுப் போனால் அடித்த அட்டை அத்தனையும் வீண்தான். ஆகையால் பிளேட்டுக்கு அனுப்புமுன் இரண்டு குறிகளையும் பார்த்துவிடுவது தர்மம்.

படத்துக்குப் பதிலாக வண்ணப் பட்டைகள் வந்து நின்றால், "ஃபைல் கெட்டுவிட்டது" என்று மனமுடைய வேண்டாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் காட்சிகளைத் தன்னுள்ளே வைத்துக்கொள்வதில்லை. அவை எந்த இடத்தில் இருக்கின்றன என்ற விலாசத்தை மட்டுமே வைத்துக்கொள்கிறது. ஃபோல்டரின் பெயரை மாற்றினாலும், ஹார்ட் டிஸ்க் வேறு எழுத்தில் ஏறினாலும் விலாசம் தவறிவிடும். புதிய இடத்தைக் காட்டிக்கொடுத்தால் பட்டைகள் நீங்கிப் படம் வந்துவிடும்.

இவ்வளவும் வீண் பயத்தைப் பற்றியது. வீண் தைரியம் ஒன்றும் உண்டு; அதுதான் என்னை அதிகம் வருத்துவது. "ஜேபெக் இருக்கிறதே, அதிலிருந்து லேயரை எடுத்துக்கொள்ளலாம்" என்று சொல்லி மூல ஃபைலை அழித்துவிடுகிறார்கள். ஜேபெக்கில் லேயர் கிடையாது. போட்டோஷாப்பில் 'ஃபிளாட்டன்' செய்யும்போது, மறைந்துள்ள லேயர்களை விட்டுவிடலாமா என்று அது கேட்கிறது. அசட்டையாகச் சரியென்று அழுத்தி, சேமித்து மூடிவிட்டால் அவை போனது போனதுதான். அக்காலத்தில் லித்தோக் கல்லை அடுத்த வேலைக்காகத் தேய்த்துவிட்டால் முன்னிருந்த சித்திரம் எப்படித் திரும்பாதோ, அப்படியே இதுவும்.

கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவின் (1898–1976) வழியில் வரையப்பட்ட முருகன் படமொன்று, காலண்டருக்காக எங்களிடம் ஒருமுறை ஜேபெக்காக மட்டும் வந்தது. மயிலின் தோகைமேல் முன்னொரு கடையின் பெயர் பெரிய எழுத்தில் படிந்திருந்தது. மூல ஃபைல் எவரிடமும் இல்லை. எழுத்தை நீக்க வேண்டுமானால், அடியிலிருந்த தோகையைக் கண்ணுக்குக் கண் நாங்களே வரைந்தாக வேண்டும். நான்கு நாள் உட்கார்ந்து வரைந்தோம். காலண்டர் நன்றாகவே வந்தது. வாங்கியவர்களில் எவரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயருக்கு அடியில் ஓவியர் எந்தத் தோகையை வரைந்திருந்தார் என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.