பெம்பானில் பனி கொட்டாது

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமெல்லாம் இருக்கட்டும், அதில் ஒரு வரி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. வெளியே பனி கொட்ட, கணப்பருகே போர்த்திக்கொண்டு படிப்பவர்களுக்குத்தான் எழுதத் தோன்றுமாம். பெம்பானில் ஆண்டிறுதி விடுமுறை என்றால் மழையும் கொசுவும்தானாம். யார் சொன்னது இதை? கைப்பேசியில் பார்த்த படமா?

பனி இல்லாவிட்டால் என்ன, இலை உதிரும் காலம் நமக்கும் உண்டு. பள்ளி விடுமுறையோடு ஒத்துவராது, அவ்வளவுதான். பிப்ரவரி, மார்ச் வறட்சியில் ரப்பர் மரங்கள் மொட்டையாக நிற்கும். பால் குறையும், பால்வெட்டுக்காரர் கையில் காசும் குறையும். தோட்டத்தில் இருந்த பெரியவர்களைக் கேட்டுப் பார், அந்த இலையுதிர்காலம் அவர்களுக்கு இனித்ததா என்று. பருவத்துக்கும் படிப்புக்கும் முடிச்சுப் போடாதே.

இரண்டாவது, உன் பட்டியல். விடுமுறைக்குள் இருபது நாவலா? கிழித்துப் போடு. இருபதையும் விழுங்கிவிட்டு, 'படித்தேன், ஒன்றும் தோன்றவில்லை' என்று மார்கழியில் வந்து நிற்பாய். ஒரே ஒரு சிறுகதையை எடு: கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. முதல் வாசிப்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எழுதியவன் கை தெரிவது அடுத்த வாசிப்பில்தான்.

அதில் ஒரு பத்திரிகைக்காரர். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் அவர்மேல் உயிர். புத்தகம் கேட்டு வீட்டையே இரண்டாக்குவார்கள். அவர் டைரி வாங்கித் தருவது இருவருக்கு மட்டும். கூட்டத்தில் சாரங்கன் என்று ஒரு பையனும் இருக்கிறான். அவன் மனசுக்குள் ஓடுவது அவருக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. சிரிப்பும் கூச்சலுமாகக் கதையை நடத்தி, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே பையனை ஒளித்துவைத்திருக்கிறார் ஆசிரியர். மறுபடி படிக்கும்போது, அவன் வாய் திறக்கும் இடங்களில் மட்டும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வா. கடைசிப் பக்கத்தில் அவன் கேட்பது என்ன? சொல்ல மாட்டேன், நீயே படி. எல்லாரோடும் ஒரேமாதிரிப் பழகுகிறோம் என்ற பத்திரிகைக்காரரின் நினைப்பு அங்கே தவிடுபொடி.

எழுதியவரும் பனிநாட்டுக்காரர் அல்ல. கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல், கரிசல்மண். கி. ராஜநாராயணனுக்கு ஒரே ஊர்த் தோழர். செகாவ் மேல் பித்து. காவடிச்சிந்து மேலும் அதே பித்து. 1952இல் கோலாலம்பூருக்கு வந்து, 1957 வரை தமிழ் நேசன் நாளேட்டில் இருந்தார். இங்கே எழுத வந்த இளைஞர்களை உட்காரவைத்து இலக்கியம் பேசினார். அவர் வருவதற்கு முன்பே, 1950இல், அதே ஏட்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். நாளேட்டில் பாடம் படித்தே இந்த நாட்டில் ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் உருவானார்கள். கணப்பாம், போர்வையாம்!

'அன்பளிப்பு' தொகுதிக்கு 1970இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வாங்க அவர் உயிரோடு இல்லை. அதற்காக அழாதே, கதையைப் படி.

படித்து முடித்தபின் உன் வகுப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத பையனைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பு. அவன் நல்லவன், பாவம் என்றெல்லாம் வேண்டாம். என்ன பேசினான், கையில் என்ன வைத்திருந்தான், அது போதும். புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன். பக்கத்தை மடக்காதே. கோடு போடச் சொன்னேன் என்று பேனாவை எடுத்துவிடாதே, பென்சில்தான்.

அன்புடன்,
உன் வாத்தியார்