அடி உயர்ந்த படி

நெல்லளக்கும் படியைப் பற்றிப் பெரியவர்கள் ஒரு செய்தி சொல்வார்கள். நேர்மையற்ற வணிகன் படியின் அடித்தகட்டை உள்ளே சற்று உயர்த்தி வைத்திருப்பானாம். வெளியே பார்த்தால் முழுப்படி. உள்ளே கொள்வதோ முக்காற்படி. சிரித்த முகத்தோடு குவித்து அளப்பான். வீட்டிற்குச் சென்று வேறொரு படியால் அளந்தாலன்றி வஞ்சம் வெளிப்படாது. அந்தப் படி காலத்தோடு மறைந்துவிட்டது என்றே எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு அஃது ஒரு சிறு உறைக்குள் என் விடுதி அறைக்கே வந்து சேர்ந்தது.

டில்லிக்கு வேலை தேடி வந்து கரோல் பாக்கில் குடியேறிய பழைய தலைமுறைத் தமிழர் சிலரைக் கண்டு, என் ஆய்வேட்டிற்காக அவர்கள் பேச்சை ஒளிப்பதிவு செய்து வந்தேன். கைப்பேசியில் இடம் போதவில்லை. இணையக் கடை ஒன்றில் ‘2 டெராபைட்’ பென் டிரைவ் 599 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கினேன், பதிவுகளை அதில் ஏற்றினேன், கைப்பேசியில் இருந்தவற்றை அழித்தேன். மூன்று வாரங் கழித்துத் திறந்தபோது கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாக நின்றன. முதலில் ஏற்றியவை ஓடின. பின்னர் ஏற்றியவற்றுள் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? பென் டிரைவினுள் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, செய்தியைத் தாங்கும் நினைவுச் சில்லு. மற்றொன்று, அதனை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு. ‘எவ்வளவு இடம் உண்டு?’ என்று கணினி கேட்டால் விடை சொல்வது இரண்டாவது. மோசடி செய்வோர் அதனுள் இருக்கும் நிரலைத் திருத்திப் பொய் சொல்லப் பழக்கிவிடுகின்றனர். கணினியும் நம்பிவிடுகிறது. உண்மையான இடம் நிரம்பியபின் எழுதப்படுவது முன்னதை அழித்துக்கொண்டு எழுதப்படும். அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும். பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் தொடக்கத்திலேயே இருப்பதால் பெயர்கள் மட்டும் நிலைத்திருக்கும். அடி உயர்ந்த படிக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

இதனை அளக்கவும் வேறு படி உண்டு. ‘எஃப்3’, ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ ஆகிய நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை டிரைவ் முழுவதையும் தெரிந்த செய்தியால் நிரப்பி, மீண்டும் படித்து ஒப்பிடுகின்றன. வாங்கியவுடன், எதையும் ஏற்றுமுன் செய்யவேண்டிய சோதனை இது. நான் காலங் கடந்தே செய்தேன். 2 டெராபைட் என்று வந்த பொருளில் 32 கிகாபைட்டுக்கும் குறைவான இடமே இருந்தது.

விற்றவருக்கு எழுதினேன். “திருப்பியளிக்கும் காலம் 7 நாள், அது கடந்துவிட்டது” என்று விடை வந்தது. மீண்டும் எழுதினேன். பாதிப் பணம் தருவதாகவும், நான் எழுதிய குறைகூறலை நீக்கிவிட வேண்டும் என்றும் மறுமொழி வந்தது. நண்பர் பலர் இந்த இடத்தில் ஒதுங்கிவிடுவர். ‘அறுநூறு ரூபாய்க்கு யார் அலைவது?’ என்பர். அந்தச் சலிப்பே இவ்வணிகத்தின் முதலீடு என்பதை நாம் உணரவேண்டும்.

சட்டம் சொல்வது யாது? வர்ணனையைக் கொண்டு விற்கப்படும் பொருள் அவ்வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே உள்ள விதி. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020-இல் மின்வணிக விதிகள் வெளியாயின. பொருள் போலியாகவோ விளம்பரத்தில் கூறிய தன்மை இல்லாததாகவோ இருந்தால், திரும்ப ஏற்கவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பவர் மறுத்தல் கூடாது என்று அவை கூறுகின்றன. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்திற்குள் முறையீட்டைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காணவேண்டும். ஆகவே, 7 நாள் என்பது கடைக்காரர் வகுத்த எல்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடச் சட்டம் தரும் காலமோ 2 ஆண்டு.

என் பட்டறிவில் நான் கற்றவை நான்கு.

முதலாவது, விளம்பரப் பக்கத்தையும் விற்பவரின் பெயர், முகவரியையும் வாங்கும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தல். பின்னர் அப்பக்கம் மாறிவிடலாம், மறைந்தும் விடலாம்.

இரண்டாவது, உறையைப் பிரிப்பதை ஒளிப்பதிவு செய்து, சோதனையின் முடிவையும் அதனுடன் சேர்த்து வைத்தல்.

மூன்றாவது, தொலைபேசியில் வாதாடாமல் எழுத்தில் முறையிடல். ‘பொருள் பிடிக்கவில்லை’ என்று எழுதலாகாது. ‘விளம்பரத்தில் கூறிய தன்மை இல்லை’ என்றே எழுதவேண்டும். முன்னது நம் விருப்பம். பின்னது அவர் கடமை.

நான்காவது, பாதிப் பணத்திற்கு இசையாமல் அடுத்த படிக்குச் செல்லுதல். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. விற்பவர் எந்த ஊரினராயினும் நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்கிடலாம். 5 இலட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை.

நான் ஆணையம் வரை செல்லவேண்டி நேரவில்லை. விதியைச் சுட்டிக் குறைதீர் அலுவலருக்கு எழுதி, 1915-இலும் பதிவு செய்த பின்னர், முழுத்தொகையும் திரும்பி வந்தது.

ஆனால் ஒளிப்பதிவுகள் திரும்பவில்லை. அவற்றைத் தந்த முதியோருள் இருவரை மீண்டும் சென்று கண்டேன். பொறுமையோடு மறுபடியும் பேசினர். மூன்றாமவர் அதற்குள் மறைந்துவிட்டார். அவர் கூறியவற்றுள் என் குறிப்பேட்டில் இருப்பவை ஒன்றரைப் பக்கம்.

599 ரூபாயைச் சட்டம் மீட்டுத் தந்தது. அவர் குரலை மீட்டுத்தர எச்சட்டத்தாலும் இயலாது. ஆதலால் நண்பர்களே, ஏமாற்றப்பட்டால் விடாது முறையிடுங்கள். அதற்கு முன், படியை அளந்து பாருங்கள். அளந்த பின்னரும் அரிய பொருளை ஒரே படியில் கொட்டி வைக்காதீர்கள்.