ஓருடலில் இரு நோய்

விருதுநகர் மாவட்டத்திலுள்ள காரியாபட்டி, வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் விளைச்சல், வறண்டால் வாட்டம். நீரின் அருமையை அறிந்த இத்தகைய ஊரினர், கிடைத்த நீரைக் குடத்திலும் தொட்டியிலும் சேர்த்து வைப்பர். மூடாத தொட்டியில் தெளிந்த நீர் நிற்கும். தெருவோரத்தில் கழிவு நீர் தேங்கும். தெளிந்த நீரில் முட்டையிடுவது மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு. கழிவு நீரில் முட்டையிடுவது யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு. இவ்விரு நோய்களும் பரவியுள்ள இடங்களில், ஒருவரையே இரண்டும் பற்றுதல் உண்டு. ஆப்பிரிக்காவின் பல சிற்றூர்களில் அனாபிலிஸ் கொசுவே இரண்டையும் பரப்புகிறது.

மலேரியாக் கிருமி ஓரணு உயிர். அது இரத்தச் சிவப்பணுக்களில் புகுந்து பெருகி அவற்றை உடைக்கும். அப்போது உடல் நடுங்கும், காய்ச்சல் கொதிக்கும், பின்னர் வியர்வை பெருகும். யானைக்கால் நோயை உண்டாக்குவதோ நூல் போன்ற புழு. அது நிணநீர் நாளங்களில் பல்லாண்டு வாழ்ந்து எண்ணற்ற இளம்புழுக்களை ஈனும். மலேரியா ஆரவாரத்தோடு வரும் பகைவன். யானைக்கால் புழு ஓசையின்றி ஒளிந்திருக்கும் கள்வன்.

இரண்டும் ஓருடலில் கூடினால் நேரும் இடர் யாது? ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும் என்பதே. நடுக்கத்தோடு வந்தவர்க்கு மலேரியா மருந்து தரப்படும், காய்ச்சல் தணியும், நோய் நீங்கியதென்று அவர் வீடு திரும்புவார். ஆனால், குளோரோகுயின் யானைக்கால் புழுவைக் கொல்லாது. இந்தியாவில் அதன் இளம்புழுக்கள் இரவு 10 மணி முதல் 2 மணி வரையே இரத்தத்தில் மிகுதியாக உலவும். ஆதலின் பகலில் எடுத்த இரத்தத்துளியில் அவை பெரும்பாலும் தென்படா. இனி, யானைக்கால் நோயர்க்கும் அவ்வப்போது காய்ச்சல் வருவதுண்டு. அவர்க்கு வரும் ஒவ்வொரு காய்ச்சலையும் பழைய நோயின் விளைவென்று விட்டுவிட்டால், மலேரியா உயிரையே கவர்ந்துவிடக்கூடும். ஆதலின் ஒன்றைக் கண்டதும் மற்றொன்றைத் தேடாது விடலாகாது.

இந்நோய்களின் ஆராய்ச்சி வரலாறும் பின்னிப் பிணைந்ததே. 1877-இல் சீனாவின் அமாய் நகரில், பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர், நோயாளியின் இரத்தத்தை உண்ட கொசுவினுள் யானைக்கால் புழு வளர்வதைக் கண்டார். மலேரியாவும் கொசுவைச் சார்ந்ததாகலாம் என்று 1894-இல் அவர் ரொனால்ட் ராஸிடம் எடுத்துரைத்தார். ராஸ் இந்தியாவில் அயராது உழைத்து, 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்தராபாத்தில் அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஒரு நோயின் ஆராய்ச்சி மற்றொன்றுக்கு விளக்காயிற்று.

இவ்விரண்டையும் வெல்ல முடியும் என்பதற்கு இலங்கை சான்று. அங்கு 1934-35-இல் மலேரியாவால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் எடுத்த பெருமுயற்சியால் 1963-இல் அந்நோய் கண்டவர் 17 பேரே. விழிப்புத் தளர்ந்தது, சில ஆண்டுகளில் நோயுற்றோர் இலட்சக்கணக்காயினர். மீண்டும் தளராது முயன்று, 2016-இல் அந்நாடு மலேரியாவை ஒழித்த நாடெனச் சான்று பெற்றது. யானைக்கால் நோயையும் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையினின்று நீக்கியதாக, அவ்வாண்டிலேயே உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றது.

நீரைச் சேமித்தல் குற்றமன்று. அதனைத் திறந்து வைத்தலே குற்றம். தொட்டிக்கு ஒரு மூடியும், கழிவு நீருக்கு ஒரு வழியும் அமைத்தால், இரு நோய்களின் வாயிலும் அடைபடும்.