குடல் சட்டையைத் துவைக்க முடியாது

அன்புள்ள தம்பிக்கு,

கடல்நாயின் குடலில் சட்டை தைப்பார்களா என்று கேட்டிருந்தாய். தைத்தார்கள். ஆர்க்டிக் கரையோர இனுயிட் பெண்கள் குடலைச் சுரண்டி, காற்றூதிக் காயவைத்து, நீளவாக்கில் கீறிப் பட்டைகளாக்குவார்கள். விலங்கின் தசைநார்தான் தைக்க நூல். கடலுக்குப் போகிறவருக்கு அதுவே மழைக்கோட்டு.

ஈரத்தில் துவளும், காய்ந்தால் அப்பளம்.

அருங்காட்சியக அலமாரியில் பல்லாண்டு மடிந்தே கிடந்த சட்டையை அப்படியே விரித்தால் மடிப்போடு உடையும். அதனால் பராமரிப்பாளர் முதலில் அதை விரிப்பதே இல்லை. ஆவியை உள்ளே விட்டு நீர்த்துளியைத் தடுக்கும் கோர்டெக்ஸ் துணியைப் போர்த்தி, அதன்மேல் ஈரமான மையொற்றுத்தாளை வைத்துவிட்டுக் காத்திருப்பார். மடிப்பு கொஞ்சம் இளகும், கொஞ்சம் விரிப்பார், மறுபடி காத்திருப்பு. கிழிசலுக்குப் பின்னால் மெல்லிய ஜப்பானியத் தாள் ஒட்டுவதுண்டு. சிலர் சாசேஜ் உறைக்கு விற்கும் குடல் தோலையே ஒட்டுப் போடுகிறார்கள்!

குடலோ தோலோ, நேரே தண்ணீரில் அலசினால் என்ன? இனுயிட் ஆடைத் தோல்களில் பெரும்பாலானவை மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டவை அல்ல. சுரண்டி, உலர்த்தி, கசக்கி, பல்லால் மென்று மிருதுவாக்கியவை. நனைத்துக் காயவிட்டால் அத்தனை உழைப்பும் போய், தோல் விறைத்துக்கொள்ளும்.

கரிபூ மான்தோல் வேறு ரகம். அதன் முடிக்குள் காற்றறைகள் இருப்பதால் கதகதப்பு. அதனாலேயே சட்டென ஒடியவும் செய்யும். வேக்குவம் கிளீனரின் வாயில் வலை கட்டி, இழுவிசையைக் குறைத்து, முடி படிந்த திசையில் மென்தூரிகையால் தூசியைத் தள்ளிவிடுவார்கள். அலமாரித் தூசி போகலாம். கொழுப்பு விளக்கின் கரியோ, கழுத்துப்பட்டையின் எண்ணெய்ப் பிசுக்கோ போகக்கூடாது; அது உடுத்தியவரின் வரலாறு. எது தூசி, எது வரலாறு என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையிலேயே கடினம்.

இயற்கையே பாதுகாத்த ஆடைகளும் உண்டு. கிரீன்லாந்தின் கிலாகிட்சோக்கில் 1972-இல் 8 உடல்களோடு 78 தோலாடைகள் கிடைத்தன. வயது சுமார் 500 ஆண்டு. குளிரும் வறண்ட காற்றும் காத்தவை.

அருங்காட்சியகங்களோ ஒரு காலத்தில் பூச்சிக்குப் பயந்து ஆர்செனிக் தூவின. கையுறை இப்போது ஆடையைக் காக்க மட்டுமல்ல, ஆளைக் காக்கவும்தான். இன்று பூச்சியைக் கொல்ல உறைபெட்டியே போதும். பழைய நஞ்சு மட்டும் தோலில் தங்கிவிட்டது. நார்வே துருவப் பயணி அமுண்ட்சென் 1903–1906 பயணத்தில் நெட்சிலிக் இனுயிட் மக்களிடம் சேகரித்தவற்றில் 16 பொருட்கள் 2013-இல் ஆஸ்லோவிலிருந்து அவர்கள் ஊரான கனடாவின் ஜோவா ஹேவனுக்குத் திரும்பின. இப்படி ஓர் ஆடை ஊர் திரும்பும்போது நஞ்சுச் சோதனை கட்டாயம் வேண்டும். கொள்ளுப்பாட்டியின் கோட்டு கைக்கு வந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது, போட்டுப் பார்க்கலாமே என்றுதான்.

அன்புடன்,
அண்ணன்