ஓட்டாஞ்சில்லில் வரலாறு படித்த பேராசான்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், திருப்புல்லாணிக்கு அண்மையில் உள்ளது பெரியபட்டினம். அவ்வூர் மண்ணில் கிடைக்கும் பச்சை, வெள்ளை நிறப் பீங்கான் துண்டுகளை ஓட்டாஞ்சில்லு என்று ஒதுக்குவதே நம் வழக்கம். அவற்றைக் கையிலெடுத்துச் சீனக் கலைவரலாற்றின் ஓர் ஏட்டை நம் மண்ணிலேயே படித்துக் காட்டியவர் ஜப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமா.

1933இல் பிறந்து 2015இல் மறைந்த அப்பெருமகனார் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியாற்றியவர். சோழர் கல்வெட்டுகளில் அவர் பெற்றிருந்த புலமையும், 1995இல் தஞ்சையில் எட்டாம் உலகத் தமிழ் மாநாடு நிகழ்ந்தபோது அவர் உலகத் தமிழாராய்ச்சி மன்றத் தலைவராய் விளங்கியதும் நாடறிந்தவை. அவருடைய பீங்கான் ஆய்வையோ நம் மாணவருள் பலர் அறியார்.

1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் பெரியபட்டினத்தில் அகழாய்வு நடத்தியது. அங்குக் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளைப் பேராசிரியர் எ. சுப்பராயலு அவர்களோடு இணைந்து கராஷிமா ஆராய்ந்தார். அவற்றுட் பல 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை.

உடைந்த ஓடு எவ்வாறு காலம் கூறும்? மண்ணின் நிறம், மெருகுப் பூச்சு, அடிவளையத்தைச் செதுக்கிய முறை ஆகியவை சூளைக்குச் சூளை வேறுபடும். லோங்சுவான் சூளைகளின் பச்சை நிறம், மெருகிலுள்ள சிறிதளவு இரும்பு காற்றுக் குறைந்த நெருப்பில் வெந்ததால் தோன்றியது. ஜிங்தேஜென் நகரத்து நீலச் சித்திரங்களுக்கு வேண்டிய கோபால்ட்டு, அந்நாளில் பாரசீகத்திலிருந்து சென்றது. பாரசீகத்து நீலம் சீனத்துக் களிமண்ணில் பூத்தது என்பதை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகிறது!

ஓட்டை மட்டும் நம்பி முடிவு கூறுபவரல்லர் அவ்வாசான். 1349ஆம் ஆண்டளவில் வாங் தாயுவான் எழுதிய சீன நூல் ‘தா பாதான்’ என்றொரு துறையைக் குறிக்கிறது. அது பெரியபட்டினமே என்பது கராஷிமாவின் கருத்து. சீனத்தில் ‘தா’ என்றால் ‘பெரிய’ என்று பொருள். திருப்புல்லாணியிலுள்ள பாண்டியர் காலக் கல்வெட்டோ, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர் பள்ளிக்கு அளித்த கொடையைக் கூறுகிறது. அப்பட்டினமும் பெரியபட்டினமே என்பர் ஆய்வாளர். சீன நூலும் தமிழ்க் கல்வெட்டும் உடைந்த ஓடும் ஒரே துறைமுகத்தைச் சுட்டுகின்றன.

நம் முன்னோர் கடல்வாணிகத்திற்கு விரிவான ஏடுகள் எஞ்சவில்லை, ஓடுகளே எஞ்சியுள்ளன. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகையில் அவையும் மண்ணோடு வாரிக் கொட்டப்படுகின்றன. கரையோர ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் அத்தகைய ஓட்டினைக் காண நேர்ந்தால், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் நாளையும் எழுதிக்கொண்டு, ஓட்டைக் கழுவாமல் வரலாற்றுத் துறை ஆசிரியரிடம் சேர்ப்பிக்கலாம்.