சிற்றுருப் பாரவூர்தி கற்பிக்கும் பாடம்

பாரவூர்திகளின் சிற்றுருக்களை அமைக்க விரும்பும் நாம் முதலிற் கற்க வேண்டியது விகிதமாகும். 1:24 என்பது உண்மை வண்டியின் இருபத்து நான்கில் ஒரு பங்கு. ஐரோப்பியச் சாலைகளில் ஓடும் 13.6 மீற்றர் நீளமான இழுவைப்பெட்டி, இவ்விகிதத்தில் ஏறத்தாழ 56.7 சென்ரிமீற்றராகும். அமெரிக்கச் சிற்றுருக்கள் பல 1:25 விகிதத்தவை. அவ்விகிதத்தில் அதே பெட்டி 54.4 சென்ரிமீற்றரே. எனவே இரு விகிதங்களையும் கலத்தல் கூடாது. 1:24 சிற்றுருவில் ஒரு மில்லிமீற்றர் பிழை, உண்மை வண்டியில் 2.4 சென்ரிமீற்றர் பிழையன்றோ!

அடுத்தது அடிச்சட்டம். அது சிறிது முறுகினாலும் சக்கரங்கள் யாவும் நிலத்தைத் தொடா. வண்ணத்தையும் மெல்லிய பூச்சுகளாகவே இடுவோம். தடித்த பூச்சு நுண்கோடுகளை மறைத்துவிடும்.

பெற்றோர்களே, பிள்ளைகளுடன் அமர்ந்து அளந்து பாருங்கள். பிறர் காணாத அடிச்சட்டத்தையும் நேராக அமைக்கும் பிள்ளை, எச்செயலையும் செவ்வனே செய்யப் பழகும்.